அஜிஷாவின் இரண்டாம் நாள்

அருமனைக்குப் பக்கத்தில் இஸ்ரவேலின் தேன்பெட்டிகளில் வேலை வேண்டுமென்றால் தனியாளாகப் போய்ப் பயனில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாகப் போக வேண்டும். ஒருவர் தேங்காய் மட்டையில் புகை காட்ட, மற்றவர் அடைகட்டிய சட்டத்தை வெளியே எடுக்க வேண்டும். தேனீக்கு முன்னால் பேச்சு ஆகாது. கண்ணைப் பார்த்துக் கை நகர வேண்டும். சம்பளத்துக்குச் சேர்ந்த இரண்டு அன்னியருக்கு அது வராது என்பது முதலாளியின் எண்ணம். ஜோடியில் ஒருவரை நிறுத்தினால் இருவருக்கும் வேலை போயிற்று.

ஷாஜன் முன்பு ரப்பர் பால் வெட்டியவன். அஜிஷா முந்திரி ஆலையில் தோடு உடைத்தவள். முதல் நாள் பெட்டியின் மூடியைத் திறந்தபோது, உள்ளே அலையலையாக அசைந்த உயிரைக் கண்டு அவன் ஓரடி பின்வாங்கினான். அவளோ முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அன்றிலிருந்து புகை அவனுக்கு, சட்டம் அவளுக்கு.

அங்கே ஒரு விதி இருந்தது. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் பெட்டிப் பக்கம் வரக்கூடாது; வந்தால் ஈ கூட்டை விட்டுப் போய்விடுமாம். முந்தின ராத்திரி குடித்த நாற்றத்தோடு வரும் ஆண்பிள்ளையைப் பெட்டி பொறுத்துக்கொள்ளும், பிள்ளை பெறும் உடம்பைப் பொறுக்காது! ஞாயிறுதோறும் சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்காரும் இஸ்ரவேல் இதை எந்த விஞ்ஞானத்தில் கண்டார் என்று ஒருவரும் கேட்டதில்லை. முட்டையிடும் ராணி பெண். தேன் சேர்க்கும் அத்தனை ஆயிரமும் பெண். பெண்ணுக்குப் பயந்து பறந்துபோகும் பெண்கள் என்று நம்புவதற்கு எவ்வளவு சோம்பேறித்தனம் வேண்டும்!

அஜிஷா வாதாடவில்லை. மாதந்தோறும் விடுப்பு எடுத்தாள். ஆனால் வேறு நாட்களில். விலக்கு நாட்களில் வந்து பெட்டி திறந்தாள். ஷாஜனுக்கு மட்டும் தெரியும்.

"ஏட்டி, மாட்டினா ரெண்டுபேருக்கும் வேல போயிரும்."

"ஒரு பெட்டி போவட்டு, அன்னைக்கு நானும் நம்புதேன். இதுவர ஒண்ணு போச்சா?"

இரண்டு வருடமாக ஒன்றும் போகவில்லை. ரப்பர் தளிர்த்து, இலைக்காம்புகளில் தேன் கசிந்து, தோட்டமே இரைந்துகொண்டிருந்த மாசி மாதத்தில் ஒன்று போயிற்று.

முந்தின நாள் காலையில் அஜிஷாவின் தம்பிக்கு நிச்சயதார்த்தம். அங்கிருந்து நேரே வேலைக்கு வந்தார்கள். அன்று அவளுக்கு விலக்கின் முதல் நாள். அவள் மூடியைத் தூக்கியதும் ஈக்கள் வெறிகொண்டு எழுந்து ஷாஜனைக் கொட்டின. அவன் புகையும் மட்டையைப் போட்டுவிட்டு ஓட, கால் இடறிப் பெட்டி சரிந்தது. நிமிர்த்தி வைத்தார்கள். ஆனால் விடிந்து பார்த்தபோது பெட்டி காலி. பலாக்கொம்பில் கூட்டம் கரும்பழுப்புத் தாடிபோலத் தொங்கியது.

பக்கத்துப் பெட்டிகளைப் பார்க்கும் சுதனின் மனைவி தேவகனி முதலாளியிடம் சொன்னாள்: "நேத்து இவ கடையில பாக்கெட்டு வாங்குனத பாத்தேன்."

"உள்ளதாட்டி?" என்றார் இஸ்ரவேல்.

"உள்ளதுதான் முதலாளி."

அவர் ஷாஜன் பக்கம் திரும்பினார். "அப்ப ரெண்டுபேரும் பையத் தூக்கிட்டுக் கெளம்புங்க."

 ஒருவேளை அந்த விதி மெய்தானோ என்று ஷாஜனுக்கே ஒரு கணம் தோன்றியது. வீங்கிய கழுத்தைச் சட்டைக் காலரால் துடைத்தான். நேற்றைய அதே சட்டை. குப்பென்று மணம் அடித்தது.

"முதலாளி, அவ இல்ல, நான்தான்! மச்சினன் துபாய்லேர்ந்து கொண்டுவந்த சென்ட்ட அடிச்சிட்டு வந்தேன். அந்த மணத்துக்குத்தான் ஈ வெறிச்சுது. பெட்டியத் தட்டுனதும் நான்தான்."

சுதன் சிரித்தான். "பொண்டாட்டியக் காப்பாத்த நல்ல கதைதான் மக்கா!"

"கதையா?" அஜிஷா காலிப் பெட்டியை எடுத்தாள். "இன்னைக்கு எனக்கு ரெண்டாம் நாளு. எல்லாரும் அங்கனயே நின்னு பாருங்க." பிறகு புருஷனிடம் திரும்பினாள். "சட்டையக் கழத்திப் போட்டு, சோப்பு இல்லாம நல்லா குளிச்சிட்டு வாரியளா? பெட்டி பிடிக்க ஆளு வேணும்."

அவன் குழாயடியில் குளித்து, வெறும் மேலோடு வந்து கொம்புக்குக் கீழே பெட்டியைத் தூக்கிப் பிடித்தான். நேற்றுக் கொட்டு வாங்கிய உடம்பு நடுங்கியது. புகை இல்லை, வலை இல்லை. அவள் மரத்தடி மேடைமேல் ஏறி நின்று அவன் கண்ணைப் பார்த்தாள். நடுக்கம் நின்றது.

அவள் வெறுங்கையை அந்தத் தாடிக்குள் நுழைத்தாள். ஈக்கள் விரல்களை மூடின, மணிக்கட்டை மூடின, முழங்கை வரைக்கும் உயிருள்ள கையுறைபோல ஏறின. அவள் மூச்சுக்கூட மாறவில்லை. ஒரு கை நிறைய அள்ளிப் பெட்டிக்குள் இறக்கினாள். மறுபடியும் அள்ளினாள். அந்த அள்ளலில் நீண்ட உடம்போடு ராணி இருந்தது. அது உள்ளே இறங்கியதுதான் தாமதம், கொம்பில் மிஞ்சியிருந்தவை எல்லாம் அவளுடைய கையையே பாலமாக்கி நடந்து, வரிசை வரிசையாக வீட்டுக்குள் புகுந்தன. ஒன்றுகூடக் கொட்டவில்லை. ஒரு சபையே எழுந்து ஒரே சுரத்தில் பாடுவதுபோல அந்த இரைச்சல் ஷாஜனின் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. ஐந்து வருடமாகத் தன்னோடு படுத்து எழும் பெண்ணை அவன் இப்போதுதான் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தான்.

 முதலில் பேசியது தேவகனி.

"முதலாளி, அப்ப இனி எங்களுக்கு அந்த மூணு நாளு லீவு உண்டா, இல்லியா?"

இஸ்ரவேல் வெறுமையான கொம்பைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"சொகமில்லன்னா எடுங்க. இல்லன்னா வேலைக்கு வாங்க," என்றார். நாலெட்டு போனவர் திரும்பி ஷாஜனை முறைத்தார். "நீ சென்டு கிண்டு அடிச்சிட்டு வந்தா பாத்துக்கோ."

அஜிஷா கீழே இறங்கி மூடியைப் போட்டாள். "தாழ வையுங்க, கை கடுக்காதா?" என்றாள்.

அவன் இன்னும் இரைந்துகொண்டிருந்த பெட்டியை மார்போடு அணைத்தபடி நின்றான். "கொஞ்சம் பொறுட்டி," என்றான்.