கை கழுவாத வாரம்

என் அண்ணிக்கு வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காது. கதவைத் திறந்தால் கை கழுவுவார், மூடினாலும் கழுவுவார். ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸுக்குக் கீழே துணை நர்ஸாக ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, மாத்திரை கொடுத்தே பாதி ஆயுசை ஓட்டியவர்.

அண்ணனுக்கு மாற்றலானதால் இருவரும் எங்கள் மாநிலத்துக்கு, என் வீட்டு மாடிக்கே குடிவந்தார்கள். எல்லையைத் தாண்டியதும் அண்ணியின் நர்ஸ் லைசென்ஸ் செல்லாக்காசாகிவிட்டது. அதை இங்கே மாற்றி வாங்கும்வரை முதியோர் இல்லத்தில் ஆயா வேலை. கட்டிலைத் துடைக்கலாம், தட்டைக் கழுவலாம், ஊசியை மட்டும் தொடக்கூடாது. அங்கிருக்கும் பெரியவர் ஒருவர், "நீயே போட்டுவிடும்மா" என்று தினமும் கெஞ்சுவாராம். "எனக்கு இங்க அனுமதி இல்லைங்க ஐயா"ன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது என்பார் அண்ணி.

படிப்புச் சான்று, பழைய மாநிலத்துச் சான்று எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. கடைசியில் கைரேகையில் வந்து நின்றது. அவர்மேல் போலீஸ் வழக்கு ஏதும் இல்லையென்று பார்க்க அது வேண்டுமாம். பதிவானால் அன்றே தற்காலிக அனுமதி. இல்லத்தின் தலைமை நர்ஸ் ஒரு நர்ஸ் இடத்தை மாதக் கடைசி வரை அண்ணிக்காகப் பிடித்து வைத்திருந்தார். அதற்குமேல் முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

பதிவு அலுவலகத்துக் கைரேகை மெஷின் அண்ணியின் விரல்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டது. இத்தனை வருடச் சோப்பில் ரேகை தேய்ந்துபோயிருந்தது. "ஒரு வாரம் கையில தண்ணி படாம, கிரீம் தடவிட்டு வாங்கம்மா" என்றார் பதிவு செய்கிற பெண்.

அண்ணி லீவு போட்டார். பாத்திரமெல்லாம் என் தலையில் விழுந்தது. நான் முணுமுணுக்காமல் இல்லை. அண்ணி கையுறையோடு நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே தூங்கினார். சாப்பிட எழுப்பினால் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். இந்த மனுஷிக்கு இவ்வளவு களைப்பா என்று எனக்கே திக்கென்றது.

குறித்த நாளில் அண்ணன் கூட்டிப்போனான். அலுவலக வாசலில், சுவரில் ஒரு சானிடைசர் பாட்டில். அண்ணி நடந்தபடியே இரண்டு அழுத்து அழுத்தி, விரலிடுக்கு விடாமல் தேய்த்துவிட்டார். தேய்த்த பிறகுதான் நின்றார். தோல் காய்ந்துபோய் மெஷினில் மறுபடியும் சிவப்பு விளக்கு.

"ஒரு வாரம் பொத்திப் பொத்தி வச்சு, வாசல்ல வந்து குட்டிச்சுவராக்கிட்டியே!" என்று வீட்டில் அண்ணன் குதித்தான்.

"இது ஆஸ்பத்திரி இல்லன்னு கைக்குத் தெரியுமா?" என்றார் அண்ணி. சண்டை போடக்கூட அவர் குரலில் தெம்பில்லை.

மறுபடியும் கிரீம், கையுறை, நாற்காலி. மாதத்தின் கடைசி நாள் நானே கூடப்போனேன். வாசலில் அவருடைய இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பாட்டிலைக் கடந்தேன். திருடியைப் பிடித்து வருகிறேன் என்றுதான் காவலாளி நினைத்திருப்பார். ஒவ்வொரு விரலாக வைத்தோம். வலது கட்டைவிரல் கொஞ்சம் மக்கர் பண்ணியது. பிறகு பச்சை விளக்கு எரிந்தது.

"முடிஞ்சுதும்மா. சாயங்காலத்துக்குள்ள அனுமதி வந்துடும்."

அண்ணி சிரிக்கவில்லை. தலையாட்டிவிட்டு எழுந்தார். வெளியே வரும்போது அந்தப் பாட்டிலின் முன்னால் நின்று, கையை நீட்டியபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்போ அழுத்தலாமா?"

இத்தனை மாதமாக எல்லாரிடமும் அனுமதி கேட்டுக் கேட்டுப் பழகிப்போன குரல்.

"அழுத்துங்க அண்ணி" என்றேன்.

முழங்கை வரை தேய்த்துக்கொண்டார்.