தனலெட்சுமி வெளுத்த வெள்ளைச் சட்டை

காலரைத்தான் முதலில் முகர்ந்து பார்ப்பார் தனலெட்சுமி. பிறகு சட்டையை உள்வெளியாகத் திருப்பி, வாசல் வெளிச்சத்துக்கு நேரே இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்குவார். எக்ஸ்ரே பார்க்கும் டாக்டரின் முகம் வந்துவிடும். "ஆட்டுக்கறி தின்னுருக்கான். கையைத் துடைக்க வேற எடமே கெடைக்கல போல" என்று சட்டையின் ஓரத்தைத் தட்டுவார். சட்டைக்காரர் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார். அது தனலெட்சுமிக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஜொகூர் மாநிலத்து மாசாயில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய கடைவரிசையில் கடைசி டோபிக் கடை அவருடையது. மூன்று இயந்திரங்கள், ஒரு கல்தொட்டி, பின்கட்டில் வரிவரியாகக் கம்பிகள். பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் சீருடைகளும் துறைமுகத்து எண்ணெய்ச் சட்டைகளும்தான் அன்றாடப் பாடு. ஐம்பத்து நான்கு வயதில் முப்பது வருடத்தைத் தண்ணீருக்குள்ளேயே கழித்ததில் அவருடைய விரல்நுனிகள் ஊறிச் சுருங்கி அப்படியே நின்றுவிட்டன. கைப்பேசியின் ரேகைப் பூட்டு அந்த விரல்களை ஒருநாளும் ஏற்றதில்லை. "என் போனுக்கே என்னைய அடையாளம் தெரியல" என்பார். ஆட்களின் முகம் அவருக்கு மறந்துபோகும், காலர் மறக்காது. சந்தையில் யாராவது வணக்கம் சொன்னால் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான், "ஓ, நீங்களா! பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார்.

இப்படிப்பட்டவரின் கடைக்கு ஒரு வாரம் அனைத்துலகப் பந்தாட்டம் வந்து சேர்ந்தது.

பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான கால்பந்துப் போட்டி. பல நாட்டுச் சிறுமிகள் ஜொகூரில் வந்து தங்கியிருந்தார்கள். அதில் ஓர் அணிக்கு உதவியாளாகப் போயிருந்தவள், கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் கல்லூரி மாணவி ஷாமளா. ஓட்டலில் துவைக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று முதல்நாளே ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். இன்னொரு அணியின் மூட்டையும் பின்னாலேயே வந்தது. நாடுகளின் பெயரைத் தனலெட்சுமி கேட்டுக்கொள்ளவில்லை. ஷாமளாவின் அணி பச்சை, மற்றது ஆரஞ்சு. அவருக்கு அது போதும்.

அவர் ஒரு பந்தாட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்தவரில்லை. ஆனாலும் எதிர்வரிசைக் காப்பிக்கடை சுகுமாறன் செய்தித்தாளைப் பிரிப்பதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுவார்.

"பச்சை தோத்துட்டாங்க."

"பேப்பரே இன்னும் பாக்கல. எப்படிலா சொல்றீங்க?"

"கோல் காக்குற கோலி சட்டையில முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் மண்ணு. முன்னாடி ஓடுற பிள்ளைங்க சட்டை கோயிலுக்குப் போயிட்டு வந்த மாரி இருக்கு. வேற என்னவாம்?"

சுகுமாறன் தாளைப் பிரித்துப் பார்ப்பார். நான்குக்குப் பூஜ்யம். "அலமாக்! நீங்க லாட்டரி நம்பர் எழுதப் போலாம்க்கா."

இடதுதொடையில் புல்லின் பச்சை இருந்தால் சறுக்கிப் பந்தைப் பறித்தவள். தோளில் சுண்ணாம்புக் கோடு இருந்தால் எல்லைக்கோட்டின்மேல் விழுந்தவள். சட்டைக் கையின் முனையில் உப்புப் பூத்திருந்தால் கண்ணைத் துடைத்தவள். எல்லாவற்றையும் படித்துவிடுகிற தனலெட்சுமிக்குப் பதினேழாம் எண் சட்டையில் மட்டும் படிக்க ஒன்றுமில்லை. மூன்று ஆட்டத்திலும் மடிப்புக்கூடக் கலையாமல் வந்தது. சோப்பு மணம் அப்படியே இருந்தது.

"இந்தப் பதினேழு யாருடி?"

"ரிசர்வ்க்கா. பெஞ்சிலயே உக்காந்திருப்பா. கூப்பிடுவாங்கன்னு ஓடி ஓடிக் காலைச் சூடாக்கிட்டே இருப்பா, கூப்பிடவே மாட்டாங்க."

தனலெட்சுமி அழுக்கில்லாத அந்தச் சட்டையை மற்றவற்றோடு போடாமல் தனியாகக் கையில் கசக்கி, தனியாகக் காயவைத்தார். எண் அச்சு வெடித்துவிடக் கூடாதென்று பழைய துணியை மேலே விரித்துத் தேய்த்தார். தினமும் அப்படித்தான்.

கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் காலை பதினொரு மணிவாக்கில் பச்சை மூட்டை வந்தது. அவிழ்த்து எண்ணினார், மறுபடியும் எண்ணினார். பதினேழைக் காணோம். அதற்குப் பதிலாக யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டை கிடந்தது. ஒன்பதாம் எண். செம்மண்ணும் புல்லும் போதாதென்று முதுகு முழுவதும் கறுப்பு மார்க்கரால் யாரோ கன்னாபின்னாவென்று கிறுக்கியிருந்தார்கள்.

"அடுத்த வீட்டுச் சட்டை கலந்து வந்துருச்சு. அதுல இந்த வாண்டுங்க கிறுக்கி வேற வச்சிருக்குதுங்க" என்று முணுமுணுத்தார். கறையோடு திருப்பி அனுப்பினால் யாருடைய கடைக்குக் கெட்ட பேர்? மற்ற வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றி, எலுமிச்சை தேய்த்து, பல்துலக்கும் பிரஷால் நூல் நூலாகச் சுரண்டி, இரண்டரை மணி நேரம். கடைசியில் சட்டை பால்போல நின்றது. சுகுமாறனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். "புதுசுலா!"

அதைக் காயவைத்துத் தேய்த்து மடித்த பிறகுதான் ஷாமளாவுக்குப் போன் போட்டார். "பதினேழு காணோம்டி. என் கையில தொலையல, மூட்டையிலயே இல்ல."

ஷாமளா அரை மணியில் வந்தாள். கூடவே ஒல்லியாக ஒரு பெண், நெற்றியில் சிறு பிளாஸ்திரி.

"இவதான்க்கா பதினேழு. நேத்து கடைசிப் பத்து நிமிஷம் எறக்கினாங்க. வெள்ளை டீமோட ஒன்பதாம் நம்பரை ரெண்டு தடவை நிறுத்திட்டா, தெரியுமா? ஆட்டம் முடிஞ்சதும் அந்த ஒன்பதே தேடி வந்து சட்டை மாத்திக்கிச்சு. அவங்க டீம் பிள்ளைங்க எல்லாரும் பேரு எழுதிக் குடுத்தாங்க. தூங்குறப்போ தலைமாட்டுல வச்சிருந்தாளாம். காலையில யாரோ தெரியாம மூட்டையில போட்டுட்டாங்க. எங்கக்கா அது?"

தனலெட்சுமியின் கை தானாக மேசையில் மடித்திருந்த சட்டையின்மேல் போய் நின்றது.

அந்தப் பெண் அதை எடுத்து விரித்தாள். முதுகைப் பார்த்தாள். உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எங்கேயும் ஒரு எழுத்து மிச்சமில்லை. தனலெட்சுமி மிச்சம் வைக்கிற ஆளில்லை. அவள் அழவில்லை. சட்டையை மறுபடி அதே மடிப்பில் மடித்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தனலெட்சுமியைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள்.

"என்னடி சொல்லுது?"

"ரொம்பச் சுத்தமா இருக்காம். தேங்க்ஸாம்."

அதைத்தான் தனலெட்சுமியால் தாங்க முடியவில்லை. "ஐயோ, திட்டச் சொல்லுடி!" என்றார். பிறகு, "அந்த வெள்ளைப் பிள்ளைங்க எங்க இருக்கு?"

"நாலு மணிக்கு பஸ்ஸுக்கா. ஏர்போர்ட்டுக்குக் கெளம்பிடுவாங்க."

மணி மூன்றே கால். தனலெட்சுமி மேசை இழுப்பறையைக் குடைந்து, துணிகளில் கடைக்குறி போடுகிற மைப்பேனாவை எடுத்தார். "இது போவாது. நானே கழுவினாலும் போவாது." ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தினார். ஷட்டரை இழுத்தார். அந்த நேரத்தில் அது இறங்குவதைப் பார்த்த சுகுமாறன் காப்பிக் குவளையோடு ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"என்னக்கா, ஓடிப்போறீங்களா?"

"ஆமா, மேட்ச் ஆட. நீயும் வா, கோலி நிக்கலாம்."

இரு பெண்களையும் ஏற்றிக்கொண்டு கடையின் டெலிவரி வேன் குலுங்கிக்கொண்டு போனது. வழியில் தனலெட்சுமி ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார். "பேரு எழுதிருவாங்க, சரி. அந்த மண்ணுக்கு நான் எங்கடி போவேன்?"

ஓட்டல் வாசலில் பேருந்து இன்ஜினை உறுமவிட்டு நின்றது. பெட்டிகள் ஏறிவிட்டன, பாதிச் சிறுமிகளும் ஏறிவிட்டார்கள். ஷாமளா ஓடிப்போய் ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் சொன்னாள். முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் ஒரு கூச்சல், அப்புறம் ஏறியவர்கள் அத்தனை பேரும் இறங்கினார்கள். ஒன்பதாம் எண் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். எழுதத்தான் இடமில்லை. பேருந்தின் தகடு வெயிலில் கொதித்தது, சுவர் சொரசொரத்தது, கையில் வைத்து எழுதினால் துணி சுருண்டது. ஓட்டுநர் ஹார்ன் அடித்தார்.

தனலெட்சுமி கைப்பையை ஷாமளாவிடம் நீட்டினார். அன்று காலையில்தான் தேய்த்து உடுத்திய இளமஞ்சள் மேல்சட்டையைப் பின்னால் இழுத்துச் சமன்படுத்தினார். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தார்.

"முதுகுல விரிச்சு எழுதச் சொல்லு."

"அக்கா, மை கீழ எறங்கும். உங்க சட்டை..."

"எறங்கட்டும்லா. சீக்கிரம் எழுதச் சொல்லு."

பதினேழாம் எண் பெண், சட்டையின் இரண்டு ஓரங்களையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். பேனா முனை பட்டதும் தனலெட்சுமியின் தோள் கூசிச் சிலிர்த்தது. துணி நகர்ந்துவிடக் கூடாதென்று பல்லைக் கடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கடைசிப் பெண் எழுதி முடிக்கும்வரை அவர் அசையவில்லை.