வக்தி உஸ்தாவின் பெயரில்

தமன்ஹூர் ரயில் நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த வக்தியை ஊருக்குள் தெரிந்தவர்களைவிட வெளியே தெரிந்தவர்கள்தான் அதிகம். டிவி மெக்கானிக்குகள் மட்டும் கூடிப் பேசுகிற மன்றம் ஒன்று இணையத்தில் இருந்தது. பஸ்ராவில் ஒருவன் உயிர் போன போர்டைப் போட்டோ பிடித்துப் போடுவான். ஓரானில் இருப்பவன் அதற்கு வைத்தியம் சொல்வான். நடுவில் வக்தி நுழைந்து இரண்டு வரி எழுதினால் பேச்சு அதோடு முடிந்தது. தொழில் தெரிந்த ஆசான் என்ற மரியாதையில் எல்லோரும் அவரை உஸ்தா என்றே கூப்பிட்டார்கள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஒரு கையால் யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருப்பார்.

“கல்யாணம் பண்ணிக்கிட்டது என்னையா, அந்த ஆளுங்களையா?” என்பாள் அவர் மனைவி ரவ்யா.

“கூடப் பிறந்தவன் ஒருத்தன்கூட இல்லைன்னு அழுதியே. இந்தா, ஊருக்கு ஒரு அண்ணன்” என்பார் அவர்.

பிள்ளைகள் இல்லை. அதனால் ரவ்யாவும் பகலெல்லாம் கடையிலேயே இருந்தாள். பெட்டிகளை வாங்கி வைப்பதும் வாடிக்கையாளர்களைச் சமாளிப்பதும் அவள் வேலை. வக்தியின் கண் மங்கத் தொடங்கிய பிறகு பொடிப்பொடி உதிரிகளைச் சால்டர் பண்ணுவதும் அவளிடம் வந்தது. அவர் விரல் வைத்த இடத்தில் அவள் கம்பியை வைப்பாள். ஏன் அந்த இடம் என்று கேட்டுக்கொண்டதில்லை.

ஐம்பது வயது தாண்டியதும் வக்திக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போனது. ‘இல்ல’ என்கிற ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கியது. பசிக்கிறதா என்றாலும் இல்ல. போதுமா என்றாலும் இல்ல. கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

“பேச்சு இனிமே வர்றது கஷ்டம்மா. புரிஞ்சுக்கிறதும் எவ்வளவு மிச்சம்னு சொல்ல முடியாது.”

“உள்ளே எல்லாம் இருக்கும் டாக்டர். வெளிய வரத்தான் வழியில்லை” என்றாள் ரவ்யா. டாக்டர் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

பூட்டிய கடையை அவளே திறந்தாள். மூலையில் நாற்காலி போட்டு வக்தியை உட்கார வைத்தாள். முதலில் வந்தது சத்தம் வந்து படம் வராத பெட்டி. இந்த மாதிரிப் பெட்டிகளை அவர் எப்படிப் பிரிப்பார் என்று தெரியும், எதைத் தேடுவார் என்று தெரியாது. கம்ப்யூட்டரில் மன்றம் அவர் பெயரிலேயே திறந்திருந்தது. தன் பெயரில் புதிதாகச் சேரலாம் என்றால், பழைய ஆட்கள் இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். பெண் பிள்ளை கேட்டால் சிரிப்பார்கள் என்ற பயம் வேறு. கடைசியில் வக்தியாகவே எழுதினாள்: “சத்தம் வருது, படம் இல்லை. எங்கே பார்க்கணும்?”

பதில்கள் மளமளவென்று வந்தன. “உஸ்தா நமக்குப் பரீட்சை வைக்கிறாரு, முந்திக்கோங்கடா” என்று ஒருவன் எழுதினான். பெங்காசியில் கடை வைத்திருந்த மிஃப்தாஹ் எல்லோருக்கும் முந்தினான். “இருட்டுல டார்ச்சைத் திரைமேல சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. நிழல் மாதிரி படம் தெரிஞ்சா பின்விளக்குப் பட்டை போயிடுச்சு. நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே உஸ்தா, மார்க் போடுங்க.”

ரவ்யா கதவைச் சாத்தி டார்ச் அடித்தாள். நிழல் மாதிரி யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். பட்டையை மாற்றினாள், பெட்டி பிழைத்தது. “பாஸ்” என்று மிஃப்தாஹுக்குப் பதில் எழுதினாள்.

இப்படியே ஓடியது. அவள் கேட்ட சின்னக் கேள்விகளையெல்லாம் பெரியவர் பொடியன்களைச் சோதிப்பதாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒருமுறை தப்பான மென்பொருளை ஏற்றிவிட்டாள். பழைய வாடிக்கையாளர் ஹாஜி புர்ஈயின் பெட்டியில் ஆட்களெல்லாம் தலைகீழாக நடந்தார்கள்.

“இதுல பந்தாட்டம் பார்க்க நான் கட்டில்ல தலையைத் தொங்கப் போட்டுக்கணுமா?” என்றார் ஹாஜி.

“நாளைக்கு நேரா நடப்பாங்க ஹாஜி. டீ குடிங்க.”

மூலையிலிருந்து வக்தி, “இல்ல, இல்ல” என்றார். தப்பைச் சுட்டுகிறார் என்று ரவ்யாவுக்கு ஒரே பூரிப்பு. கம்பியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தாள். இல்ல என்றால் இடத்தை மாற்றிப் பார்ப்பாள். சில நேரம் சரியாகவும் அமைந்தது. அந்தச் சில நேரங்களை மட்டும் அவள் மனதில் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

பிறகு மிஃப்தாஹிடமிருந்து ஒரு தனிச் செய்தி வந்தது. மனைவிக்குச் சிறுநீரக வைத்தியம், அலெக்ஸாந்திரியாவுக்கு வந்திருக்கிறோம், உஸ்தாவின் கையை முத்தமிடாமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று எழுதியிருந்தான். ஊரில் இல்லை, உடம்பு சரியில்லை என்று ரவ்யா தட்டிக்கழித்தாள். உடம்பு சரியில்லை என்றதும் அவன் அடுத்த ரயிலில் கிளம்பிவிட்டான்.

சந்து முனையில் விசாரித்துக்கொண்டு ஸ்வீட் பெட்டியோடு உள்ளே வந்தான். வக்தியைப் பார்த்தான். ரவ்யா கையிலிருந்த சால்டரிங் கம்பியைப் பார்த்தான்.

“எப்ப இருந்து அக்கா?”

“போன குளிர்காலத்துல இருந்து.”

“அப்ப அந்தப் பரீட்சையெல்லாம்...”

“நான்தான். எனக்குத் தெரியாமத்தான் கேட்டேன்.”

அவன் ஸ்வீட் பெட்டியை வக்தியின் பக்கத்தில் வைத்தான். “உங்ககிட்ட பாஸ் வாங்கினதை ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே அக்கா” என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

“உள்ளே எல்லாம் இருக்கு தம்பி. உங்களைப் பார்த்தா வெளிய வரும், பாருங்க” என்றாள் ரவ்யா. அவளே ஒரு பவர் போர்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். மிஃப்தாஹ் நாற்காலியருகே மண்டியிட்டு, அதை வக்தியின் இடது கையில் வைத்தான்.

“உஸ்தா, நான் மிஃப்தாஹ். பெங்காசி. இதுல எது போயிருக்குன்னு காட்டுங்க உஸ்தா.”

வக்தி போர்டைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டினார். பிறகு சாப்பிட்டு முடித்த தட்டைப்போல மடியிலிருந்து அதைத் தள்ளிவிட்டு, ஸ்வீட் பெட்டியின் பளபளப்பு நாடாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மிஃப்தாஹ் அவர் கையை முத்தமிட்டான். அவர் அதைக் கவனிக்கவில்லை.

ரவ்யா டீ போடுகிறேன் என்று பின்கட்டுக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைக்காமலே அங்கே நின்றாள். டாக்டர் சொல்லி நம்பாததை அந்த நாடா நம்ப வைத்துவிட்டது.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்றுதான் மிஃப்தாஹ் போனான். ஆனால் மன்றத்தை நடத்துகிற ஷுக்ரியிடம் சொன்னால் எல்லோரும் கைகொடுப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. மறுவாரம் மன்றத்தில் வக்திக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி, துஆ கேட்டு அறிவிப்பு வந்தது. கீழே கண்ணீர்விட்டு எழுதினவர்கள் நிறையப் பேர். அப்புறம் ஒருவன் எழுதினான்: “அப்ப நாம மாசக்கணக்கா ஒரு பொம்பளைக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்திருக்கோம்.” அதற்குச் சிரித்தவர்களும் நிறையப் பேர். தாங்கள் ஏமாந்தது அவமானம் என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். ஷுக்ரி கடைசியில் ரவ்யாவுக்குப் போன் பண்ணினார்.

“தப்பா நினைக்காதீங்க சகோதரி. கணக்கு அவரோடது. அவரு எழுதமுடியாதப்ப திறந்து வைக்கிறது முறை இல்லை. குணமானதும் அன்னைக்கே திறந்துவிடறேன்.”

“என் பேர்ல சேர்த்துக்கோங்க.”

“ரெண்டு பேர் ஜாமீன் நிக்கணுமே.”

மிஃப்தாஹ் நின்றான். இரண்டாவது ஆள் வரவில்லை. வக்தியால் கடை பிழைத்தவர்கள் என்று அவளுக்குத் தெரிந்த சிலருக்கு எழுதிப் பார்த்தாள். ஒருவர், அல்லா பெரியவன் என்று பதில் போட்டார். மற்றவர்கள் அதுவும் இல்லை.

வெளியாட்களும் படிக்கக்கூடிய பழைய பக்கங்கள் மட்டும் அவளுக்கு மிஞ்சின. அதில் வக்தியின் பதில்கள் குவிந்து கிடந்தன. வேலை ஓய்ந்த நேரத்தில் அவருக்கே அவற்றைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். எவ்வளவு வாயாடியாக இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. கெட்டுப்போன கெப்பாசிட்டரை மாமியார் வயிறு என்று எழுதியிருக்கிறார்; மனைவி கோபத்தில் இருந்தால் அன்றைக்குப் போர்டில் கைவைக்காதே என்று ஒரு யேமன் நாட்டுக்காரனுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார். ரவ்யா படித்துவிட்டு நிமிர்வாள். வக்தி தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பதில்களெல்லாம் பழைய பெட்டிகளுக்கானவை. இப்போது வருகிறவை வேறு. பிரித்த பெட்டிகளை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தது. ஹாஜி புர்ஈகூட அடுத்த முறை வேறு கடைக்குப் போனார். சந்தில் எதிர்ப்பட்டால் அவள் பார்க்கும் முன்பே சலாம் சொல்லிவிட்டு நடையைக் கூட்டினார்.

ரவ்யா கடையை விட்டாள். நுபாரியா பக்கம் ஆரஞ்சுப் பழம் பொறுக்கிப் பெட்டியில் அடுக்குகிற கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு மினிபஸ் போகும். அவள் திரும்பும்வரை வக்தி பக்கத்து வீட்டு அம்மாவின் பொறுப்பு.

ஒருநாள் பஸ்ஸில் மிஃப்தாஹின் செய்தி வந்தது. மனைவி காலமாகி நாற்பது நாள் துக்கம் கழிந்ததும் கடையைத் திறந்தானாம். ஒரு பெட்டி தானாகவே அணைந்து அணைந்து எரிகிறது, எதைப் பார்க்கலாம் உஸ்தா ரவ்யா, என்று கேட்டிருந்தான். கேள்விக்காகக் கேட்டானா, பேசுவதற்கு ஆள் இல்லாமல் கேட்டானா என்று அவளுக்குப் புரியவில்லை. யோசித்துப் பார்த்தாள். மனதில் ஒன்றும் வரவில்லை.

“தெரியலை தம்பி. மன்றத்துல கேளுங்க” என்று எழுதிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டாள். கொட்டகை வந்துவிட்டது.