ஓடுது, ஆனா கூலிங் இல்ல

சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டே இருந்தது.

நல்ல ஃப்ரிட்ஜ் என்றால் கொஞ்ச நேரம் ஓடும். குளிர் ஏறியதும் டக்கென்று தானாக நின்று மூச்சு வாங்கும். இது பத்தொன்பது நாளாக நிற்கவே இல்லை. பகல் பதினோரு மணிக்குப் படுக்கையறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மெக்கானிக்குக் காரணம் தெரியும். கேஸ் கசிந்துவிட்டது. மோட்டார் ஓடி ஓடிச் சாகிறது, உள்ளே குளிர் இல்லை.

இருபத்திரண்டு வருஷத் தொழில். போனில் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார் என்று அந்த வட்டாரமே அவருக்குக் "கூலிங்" என்று பேர் வைத்திருந்தது. அந்தக் கூலிங் வீட்டு ஃப்ரிட்ஜ்தான் இப்படிக் கதறிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கும் அதன் பிளக்குக்கும் நடுவே பதினாறு அடி. அதை நடக்க அவரால் முடியவில்லை.

வாசல் மணி அடித்தது. அவர் அசையவில்லை. அடுத்து, கதவை உள்ளங்கையால் அறையும் சத்தம். அப்படி அறைகிறவள் உலகத்திலேயே ஒருத்திதான். அவருடைய அக்கா.

"மூணு மாடி ஏறி வந்திருக்கேன்டா! என் முட்டி ரெண்டும் உன்னைத் திட்டுது. திற!"

திறந்தார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடா இது தாடி? சாமியாராப் போறியா, சினிமால நடிக்கப் போறியா? போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிற. உன் கஸ்டமருங்க எல்லாம் எனக்குப் பண்றாங்க. பேக்கரிக்காரர் காலையில அழாத குறை, கேக்குல கிரீம் எல்லாம் உருகிப் போச்சாம். நான் என்ன, ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிட்டுப் போகவா?"

பேசிக்கொண்டே சமையலறைக்குள் போனாள். ஃப்ரிட்ஜைத் திறந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயையோ! ஊர் ஃப்ரிட்ஜுக்கெல்லாம் உயிர் கொடுக்கிறவன் வீட்டுல பால் பாக்கெட்டு பலூன் மாதிரி உப்பிக் கெடக்கே!"

பிளக்கை வெடுக்கென்று பிடுங்கினாள். உறுமல் நின்றது. திடீரென்று வீடு இரண்டு மடங்கு பெரிதானது போலவும், அதில் தான் மட்டும் ஒரு மூலையில் நிற்பது போலவும் அவருக்கு இருந்தது.

"குடிக்கிறியா?"

"இல்லக்கா."

"ஏதாவது பொம்பளை விவகாரமா?"

"அட, போக்கா."

"பின்ன என்னதான்டா உனக்கு? காலாகாலத்துல ஒரு கல்யாணம் பண்ணியிருந்தா..." என்று ஆரம்பித்தவள், தம்பியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். குரல் இறங்கியது. "போன வருஷமும் இப்படித்தான் சுருண்டு கெடந்தே. கடலுக்குக் கூட்டிட்டுப் போனோம், தேறிட்டே. அதுக்கு முந்தி அந்த டானிக். இப்பவும் ஒரு வாரம் எங்க வீட்ல வந்து இரு, எல்லாம் சரியாப் போயிடும். அப்படியே இதுக்கும் கொஞ்சம் கேஸை அடிச்சு விடு. சின்ன வேலைதானே?"

"லீக் எங்கேன்னு பாக்காம கேஸ் அடிக்கக் கூடாதுக்கா." பழக்கதோஷம், வாய் தானாகப் பேசியது. "அடிச்சா ரெண்டு மாசம் ஜில்லுன்னு ஓடும். அப்புறம் பழைய குருடிதான். ஒவ்வொரு ஜாயின்ட்டா சோப்பு நுரையைத் தடவிட்டு, எங்கே குமிழி வருதுன்னு பொறுமையா உக்காந்து..."

பாதியில் நின்றுபோனார்.

கடல். டானிக். அதற்கும் முன்னால் வாங்கிய புது பைக். லீக்கைப் பார்க்காமல் கேஸ் அடிக்கிற மெக்கானிக்குகளை வாழ்நாள் முழுக்கத் திட்டியவர், தனக்குத் தானே அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

கொடியில் தொங்கிய சட்டையை எடுத்தார். பையிலிருந்து நான்காக மடித்த ஒரு சர்வீஸ் கார்டு வந்தது.

மூன்று வாரத்துக்கு முன் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜைப் பார்க்கப் போயிருந்தார். பக்கத்து அறை மனநல ஆலோசகர் அம்மாதான் கையெழுத்துப் போட வந்தார். என்ன கோளாறு என்று கேட்டதற்கு, "வெளியே பாத்தா எல்லாம் சரி மேடம். லைட் எரியும், சத்தம் வரும். ஓடுது, ஆனா கூலிங் இல்ல" என்றார். அதைச் சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஏனென்று அவருக்கே தெரியவில்லை. அந்த அம்மா சிரிக்கவில்லை. "உங்களுக்கு எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நான் ஃப்ரிட்ஜைச் சொன்னேன் மேடம்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா எழுதி நீட்டிய கார்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடாத குறையாக வந்துவிட்டார். வீட்டில் வந்து பார்த்தால், கார்டில் கையெழுத்துக்குக் கீழே ஒரு போன் நம்பர்.

அவர் இதைச் சொல்லக் கேட்ட அக்கா திடுக்கிட்டாள்.

"மனசு டாக்டரா? டேய், உன் மருமகளுக்கு மாப்பிள்ளை பேசிட்டிருக்கோம். தாய்மாமனுக்குப் புத்தி சரியில்லைன்னு எவனாவது..." சொல்லிக்கொண்டே வந்தவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, சாகணும்னு ஏதாச்சும்..."

"சாகணும்னு இல்லக்கா. எந்திரிக்கணும்னுதான் தோண மாட்டேங்குது. பல்லு விளக்கறதே மலை ஏறுற மாதிரி இருக்கு. அழுதாலாவது தேவலை. அதுவும் வரல."

அவருக்கு வராத அழுகை அவளுக்கு வந்தது. நின்றுபோன ஃப்ரிட்ஜின் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் அந்த நம்பரை அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். வைத்துவிடலாமா என்று நினைத்தார்.

"மேடம், நான்... மருந்து ஃப்ரிட்ஜ் பாக்க வந்தவன்."

"ஞாபகம் இருக்கு, சொல்லுங்க. ஃப்ரிட்ஜ் நல்லா ஓடுதே."

"ஃப்ரிட்ஜு இல்ல மேடம். எனக்குத்தான்."

நாளைக் காலை பத்து மணி என்றார்கள்.

"நானும் வர்றேன்" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வேண்டாம்க்கா. நீ பக்கத்துல இருந்தா, நான் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவேன்."

பளாரென்று அறை வாங்கியவள் போல நின்றாள். இத்தனை வருஷம் போனில் "நல்லா இருக்கேன்க்கா" என்று கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, ஃப்ரிட்ஜின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கெட்டுப்போனதையெல்லாம் ஒரு பையில் அள்ளிக் கட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது முதுகைக் காட்டியபடியே சொன்னாள்:

"ஆஸ்பத்திரிக்கு எதிர்ல பஸ் ஸ்டாப் இருக்கு. பத்து மணிக்கு நான் பாட்டுக்கு அங்கே உக்காந்திருப்பேன். உள்ளே வர மாட்டேன். என்ன பேசினேன்னும் கேக்க மாட்டேன்."

"சரிக்கா."

"தாடியை எடுத்துட்டுப் போ. பேயின்னு பயந்துக்கப் போறாங்க."

படியிறங்கினாள். இரண்டாவது மாடியில் செருப்புச் சத்தம் நின்றது. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு மறுபடியும் சத்தம் இறங்கிக் கீழே போய்த் தேய்ந்தது. அதுவரை வாசலிலேயே நின்றிருந்த அவர், கதவைச் சாத்தினார்.