ஆம்ப்ரோஸின் கையில் ஏறிய மண்டை ஓடு

தோர்ன்மியர் பிரபு பெற்ற பிள்ளைகளில் போனது யார், இருப்பது யார் என்று தெரிய வேண்டுமானால் எவரையும் கேட்க வேண்டாம். தேவாலயத்துக்குள் எட்டிப் பார்த்தால் போதும். சீமாட்டி கண்ணை மூடியபோதே பிரபு தனக்கும் சேர்த்துக் கல்லறை கட்டிவிட்டார். மேலே புருஷனும் பெண்டாட்டியும் வெள்ளைக் கல்லில் படுத்திருக்க, கீழே ஐந்து பிள்ளைகளும் ஆளளவில் மண்டியிட்டிருப்பார்கள். பெற்றவர்களை முந்திக்கொண்டு போன பிள்ளையின் கையில் ஒரு மண்டை ஓடு. இருக்கிற பிள்ளைக்குக் கூப்பிய கை. கடைக்குட்டி ஆம்ப்ரோஸ் கை கூப்பியிருந்தான்.

அந்தக் கல்லறையைத் துடைத்து, தரையைப் பெருக்குகிறவள் அர்சுலா. ஆம்ப்ரோஸுக்குப் பால் கொடுக்கவென்று அந்த மாளிகைக்குள் வந்தவள். வரும்போது தன் பச்சைப் பெண் குழந்தையை அக்கம்பக்கத்துக்காரி ஒருத்தியிடம் விட்டுவிட்டு வந்தாள். அது அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. அதற்குக் கல்லுமில்லை, பேருமில்லை. வேலியோரம் ஒரு மண்மேடு இருந்தது. மழை அதையும் கொண்டுபோயிற்று. அது குடிக்க வேண்டிய பாலையும் ஆம்ப்ரோஸே குடித்து வளர்ந்தான். அதனால் அர்சுலாவுக்கு அவன் ஒருத்தனே இரண்டு பிள்ளை.

அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை மூண்டது. பிரபு அரசர் பக்கம். ஆம்ப்ரோஸ் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தான். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பார்கள். இந்த வீட்டிலோ பிள்ளையைக் கல்லில் வைத்துவிட்டு, பெற்றவர் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டார். கல்தச்சன் பார்டலைக் கூப்பிட்டு, ஆம்ப்ரோஸின் கூப்பிய கையை வெட்டியெடுத்து மண்டை ஓடு வைக்கச் சொன்னார்.

அர்சுலா ஓடிப்போய்க் காலில் விழுந்தாள்.

"எஜமான், உசிரோட இருக்கிற புள்ளை அது! கல்லுல வச்சா பலிச்சிடும்னு சொல்வாங்க. வேணாங்க."

"எனக்கு அப்படி ஒரு புள்ளையே கிடையாது. நீ துடைக்கிற வேலையை மட்டும் பாரு."

பார்டல் உளியை எடுக்கும்போது அவள் பக்கம் திரும்பவே இல்லை. "செத்தவங்களுக்கு எத்தனையோ செதுக்கியிருக்கேன், அர்சுலா. இருக்கிறவனைக் கல்லுல சாகடிக்கிறது இதான் முதல் தடவை. சோறு எறங்க மாட்டேங்குது," என்றான். சோறு இறங்காவிட்டாலும் கூலி இறங்கியது. வேலையை முடித்துவிட்டுத்தான் போனான்.

அன்றிலிருந்து அர்சுலா அந்த மூலையைக் கடைசி வேலையாகத் தள்ளிப்போடுவாள். ஆம்ப்ரோஸின் கல்முகத்தைத் துடைப்பாள், தோளைத் துடைப்பாள், கையை மட்டும் தொடமாட்டாள். துடைக்கும்போது, பால் வற்றி முப்பது வருஷமான மார்பு வலிக்கும். எங்கோ ஒரு குழந்தை சிணுங்குவது போலிருக்கும். எந்தக் குழந்தை என்று நினைத்துப் பார்க்க அவளுக்குத் துணிச்சலில்லை.

இலையுதிர்காலத்தில், ஆற்றங்கரைச் சண்டையில் பாராளுமன்ற ஆட்கள் சின்னாபின்னமானார்கள் என்று செய்தி வந்தது. ஜெயித்த குதிரைப்படை வந்து பிரபுவின் கொட்டகைகளில் தங்கிற்று. அந்தச் சனிக்கிழமை, சாயங்கால வெளிச்சம் மங்கும் நேரம், அர்சுலா கல்லறையைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வடக்கு வாசல் கிறீச்சிட்டது. உச்சி முதல் பாதம் வரை வெள்ளை வெளேரென்று ஆம்ப்ரோஸ் நின்றான்.

துடைப்பம் கைநழுவி விழுந்தது. "ஆண்டவரே, பலிச்சிடுச்சே!"

"கத்தாதே ஆயா! மாவு. வெறும் மாவு. மில்லுக்காரன் என்னை மூட்டைக்கு நடுவுல போட்டுக் கொண்டுவந்தான்." கிட்டே வந்து அவள் கன்னத்தைக் கிள்ளினான். "பேய்க்கு இவ்வளவு பசிக்குமா? திங்க ஏதாவது வச்சிருக்கியா?"

மடியிலிருந்த பார்லி ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் எடுத்துக் கொடுத்தாள். அவன் தின்றபடியே திரும்பித் தன் சிலையைப் பார்த்தான். மெல்லுவது நின்றது.

"அப்பாவா?"

அவள் தலையாட்டினாள்.

"அவரைப் பாத்து ஒரு வார்த்தை பேசிட்டு, கடல் தாண்டிப் போயிடலாம்னு வந்தேன், ஆயா."

"போகாதடா, என் கண்ணு. கொட்டகை முழுக்க அரசரோட ஆளுங்க. பாத்தாங்கன்னா வாசல் ஓக் மரத்துலயே தொங்க விட்டுடுவாங்க."

அப்போது தெற்கு வாசலில் கைத்தடி தட்டும் சத்தம் கேட்டது. சனிக்கிழமைதோறும் சீமாட்டியிடம் பேச வருகிற பிரபுதான். அர்சுலா தூணுக்குப் பின்னால் போனாள். ஆம்ப்ரோஸுக்கு ஓட நேரமில்லை. தன் சிலைக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டு, கை கூப்பி, அசையாமல் இருந்தான்.

பிரபுவுக்குக் கண்புரை. ஆனாலும் பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை மறக்குமா? வரிசையில் ஒன்று கூடியிருந்தது. தடி தரையில் விழுந்தது.

"வந்துட்டியா," என்றார். குரலில் பயமே இல்லை. "எங்கடா விழுந்தே? கண்ணையாவது யாராவது மூடிவிட்டாங்களா?"

தூணுக்குப் பின்னால் அர்சுலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கோபத்துல செஞ்சேன்டா. அந்த மண்டை ஓட்டை உன் கையில வச்சது பார்டல் இல்லே, நான். நான்தான் உன்னைக் கொன்னேன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்."

"மன்னிச்சுட்டேன் அப்பா. நீங்களும் என்னை மன்னிச்சுடுங்க."

பிரபு தரையில் நெற்றி பட விழுந்து அழுதார். ஆம்ப்ரோஸ் அந்த நரைத்தலையைத் தொடக் கை நீட்டினான். விரல் நுனியிலிருந்து மாவு உதிர்ந்தது. கையை இழுத்துக்கொண்டு எழுந்தான். அர்சுலாவை ஒரு தடவை பார்த்தான். வடக்கு வாசல் வழியாகப் போய்விட்டான்.

அழுகைச் சத்தம் கேட்டுக் குதிரைப்படைக் கேப்டன் உள்ளே வந்தான். "யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க பிரபு?" கேட்கும்போதே கை வாளின் பிடியில் இருந்தது.

பிரபு தலை நிமிர்ந்து சுற்றும் முற்றும் தேடினார். "அர்சுலா! நீ இங்கதான இருந்தே? யாராவது வந்தாங்களா? சொல்லு. நெஜமா யாராவது இருந்தாங்களா?"

அந்தக் கிழவரின் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தால் கல்லும் உண்மையைச் சொல்லியிருக்கும். அர்சுலா கேப்டனின் கையைப் பார்த்தாள்.

"யாரும் இல்லீங்க எஜமான். நான் பெருக்கிட்டுதான் இருக்கேன். உங்க குரல் மட்டுந்தான் கேட்டுது." சொல்லிக்கொண்டே, வடக்கு வாசல் வரைக்கும் கிடந்த வெள்ளைத் தடத்தைக் கூட்டித் தள்ளினாள்.

"அப்போ, அவன் போயிட்டான்," என்றார் பிரபு.

குதிரைப்படை கிளம்பியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அது குளிர்காலம் முழுக்கக் கிளம்பவில்லை. அதற்குள் பிரபு கறுப்பு உடுத்தி, பார்டலைத் திரும்ப வரவழைத்து, மகன் பேருக்குக் கீழே இறந்த வருஷத்தையும் வெட்டச் சொல்லிவிட்டார். கோபமெல்லாம் வடிந்து, பிள்ளையின் பேரை வாய்க்கு வாய் சொல்லத் தொடங்கினார். அந்த நிம்மதியைக் கெடுக்க அவளுக்கு நா எழவில்லை. கடலுக்கு அப்பாலிருந்து ஒரு செய்தியும் இல்லை. தான் சொன்னது பொய்தானா என்பதுகூட அவளுக்கே நிச்சயமில்லாமல் போயிற்று.

வசந்தம் வந்தபோது பிரபு படுத்த படுக்கையானார். ஒருநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எனக்குப் பயமே இல்லே, அர்சுலா. அங்க ஆம்ப்ரோஸ் இருக்கான். என்னைப் பாக்க வாசல்லயே நிப்பான்." உண்மை அவள் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள். அந்தச் சிரிப்போடேயே அவர் போனார். எப்பேர்ப்பட்ட சாவு என்று ஊரே மெச்சியது.

அர்சுலா மட்டும் அதன்பிறகு தேவாலயத்தில் தனியாக நிற்கமாட்டாள். துணைக்கு ஆள் இல்லையென்றால் வாசலிலேயே காத்திருப்பாள். பாதிரியார், "ஆவி, பேய் எல்லாம் பொய்," என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. அவள் பயம் அவருக்கு எங்கே புரியும்? அந்தக் கிழவர் அங்கே போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்திருப்பார். மகன் வரவே இல்லை என்று அங்கிருப்பவர்கள் சொல்லியிருப்பார்கள். தடியைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்து, "நெஜமா யாராவது இருந்தாங்களா, அர்சுலா?" என்று மறுபடி கேட்டால், அவள் என்ன சொல்வாள்?