நான் நிறுத்தச் சொன்ன மாத்திரை

இதை வாசிக்கும் நீங்கள் சாட்சியாக இருங்கள். உங்களிடம் நான் தீர்ப்புக் கேட்கவில்லை; நடந்ததை நடந்தபடி சொல்கிறேனா என்று மட்டும் கவனியுங்கள். கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் எந்தத் தலைப்பிலும் இரு பக்கமும் பேசி வெல்லப் பழகியவன் நான். அத்தகையவன் தன்னைப் பற்றிப் பேசும்போது எதிரில் ஒருவர் இருப்பது நல்லது.

அம்மா பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். சென்ற ஆண்டு அவருடைய இடது காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து, கால் வீங்கியது. உறைவதைத் தடுக்கும் மாத்திரையை நாள்தோறும் விழுங்கவும், மாதந்தோறும் ரத்தத்தைச் சோதிக்கவும் மருத்துவர் சொல்லியிருந்தார். கோடை தொல்லையின்றிக் கழிந்தது. மழையோடு ரத்தம் உறிஞ்சும் அட்டைகள் வந்தன. மற்றவர்களுக்குச் சுண்ணாம்பு தடவியதும் சற்று நேரத்தில் நிற்கும் ரத்தம், அம்மாவுக்கு மதியம் வரை நிற்கவில்லை. சாக்ஸ் நனைந்து செருப்பு வழுக்கியது.

"ஏ மதினி, அட்டைக்கெல்லாம் ஒன் காலுதான் சாப்பாட்டுக் கடையா?" என்று உடன் வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். அம்மாவும் சிரித்தாராம். ஆனால் அன்று மாலை, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர்ட்ட கேக்காம நிறுத்தக் கூடாதும்மா," என்றாள் அக்கா.

நான் எழுந்து நின்றேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டின் ஒற்றை அறையில், இருவர் மட்டுமே இருந்த சபையில், எழுந்து நின்றேன். என் வாதம் இது: கால் வீக்கம் வற்றிவிட்டது. ஆகவே நோய் தீர்ந்தது. ரத்தம் நிற்காததற்குக் காரணம் மாத்திரை. ஆகவே மழை ஓயும்வரை அது வேண்டாம். நான் படிப்பது வரலாறு. ஆயினும் குரல் தடுமாறவில்லை.

"ஒங்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமாடா? பரிசுக் கப்ப நீயே வச்சுக்க," என்று அக்கா பாத்திரம் கழுவப் போனாள்.

"அவன் சொல்றதும் சரியாத்தான இருக்கு," என்றார் அம்மா.

மாத்திரை நின்றது. சில நாட்களில், அட்டை கடித்தாலும் ரத்தம் சீக்கிரம் நின்றது. அதையும் என் வெற்றிகளோடு சேர்த்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் அதே கால் தொடைவரை வீங்கியது. குடத்தோடு திரும்பிய அம்மா வாசலிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப் மலை இறங்கியபோது அவருடைய மூச்சை எண்ணினேன். வளைவுதோறும் எண்ணிக்கை தவறியது. மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

ரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்றிருந்தது.

"மருந்து ஆரு நிறுத்தச் சொன்னது?" என்றார் மருத்துவர். "வந்து கேட்டிருந்தா அளவு மாத்தித் தந்திருப்பேனே."

"நானாத்தான் நிறுத்துனேன் சார்," என்றார் அம்மா, ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து.

"இல்ல சார், நான்தான் சொன்னேன்."

மருத்துவர் எங்கள் பழைய ஃபைலைத் திருப்பி என்னிடம் நீட்டினார். அம்மாவின் ரத்தம் எளிதில் உறைவது பிறவித் தன்மை, மாத்திரை ஆயுள் முழுதும் வேண்டும், பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வீட்டில் ஆங்கிலம் சரளமாக வாசிப்பவன் நான் ஒருவனே. மாதந்தோறும் அதைச் சுமந்து வந்தவனும் நான்தான். ஒருமுறையும் பிரித்ததில்லை.

அக்காவுக்கும் எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை. ஆறு நாட்கள் வராந்தாவில் உட்கார முடியாமல் நடந்தேன். நடுவே குனிந்து என் கெண்டைக்காலையும் அழுத்திப் பார்த்தேன்.

ஏழாம் நாள் முகமூடியை எடுத்தார்கள். அம்மா கஞ்சி கேட்டார். அக்காவும் பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்கும்படி சொன்னேன்: "அம்மா, டாக்டர்ட்ட கேக்காம ஒன் மருந்தப் பத்தி இனி ஒரு வார்த்த பேச மாட்டேன். தெரியாததத் தெரியாதுன்னே சொல்லுவேன். சத்தியம்."