தோமாவுக்கு மேயர் அனுப்பிய வாழ்த்து

வெலிகா மேயருக்கு எழுதிய கடிதங்களில் முதல் இரண்டில்தான் 'மாண்புமிகு' இருந்தது. மூன்றாவதிலிருந்து 'ஏ கலபோவ்' என்று ஆரம்பித்தாள். நான் பக்கத்து வீட்டுக்காரன்; தபாலில் போடுமுன் எல்லாவற்றையும் எனக்கு வாசித்துக் காட்டுவாள். எனக்கு உறைக்கும். வாங்குகிறவனுக்குத்தான் தோல் தடித்திருந்தது.

அவள் கேட்டது ஆற்றுப் பாலம் ஒன்றைத்தான். வெள்ளத்தில் அது உடைந்து இரண்டு வருடமாக வண்டிகள் மலையைச் சுற்றித்தான் ஊருக்குள் வந்தன. போன மே மாதம் அவள் புருஷன் தோமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தக்காளிப் பாத்தியில் உட்கார்ந்துவிட்டான். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நாற்பது நிமிடம். வந்தவர்கள் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஊறுகாய் ஆலையில் முப்பது வருடம் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டியவள் வெலிகா. எழுத்து கோணலாக இருக்கும், வசவு நேராகப் போகும். "உன் வீட்டுக்கு முன்னால போட்ட வழவழ ரோட்டுல நீயே வழுக்கி விழுந்து இடுப்பு ஒடியணும். உன்னைத் தூக்கிட்டுப் போற வண்டி எங்க மலையைச் சுத்தி வரணும்" என்று ஒன்றில் எழுதினாள். பதில் வந்தது: தங்கள் கடிதம் இந்த எண்ணில் பதிவாகியுள்ளது. பல்கேரியாவில் எந்தக் கட்சி வந்தாலும் அந்த எண் மட்டும் தவறாமல் வரும். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, தோமா என்று பெயர் வைத்தவர்களுக்கு ஊரே வாழ்த்துச் சொல்லும் பெயர்நாள். தேர்தல் வருகிறதே என்று வாக்காளர் பட்டியலைப் பார்த்து மேயர் வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தான். 'அன்புள்ள தோமா, நல்ல உடல்நலத்தோடு நூறாண்டு வாழ்க. உங்கள் கலபோவ்.'

வெலிகா கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவரு செத்துட்டாருன்னு இருபத்தாறு தடவை எழுதினேன். ஒண்ணக்கூட படிக்கல பாத்தியா," என்றாள்.

முதலாண்டு நினைவுக்கு இறந்தவரின் படம் போட்ட தாளைக் கதவிலும் கம்பத்திலும் ஒட்டுவது எங்கள் வழக்கம். ஒட்டியதை யாரும் கிழிப்பதில்லை. மழையும் வெயிலும்தான் எடுக்க வேண்டும். கிழித்தவன் வீட்டில் அடுத்த சாவு விழும் என்று பயம். வெலிகா அச்சடித்த தாளில் தோமாவின் படம், அதன் கீழே மேயரின் வாழ்த்து, கையெழுத்தோடு. அதற்கும் கீழே: 'ஆம்புலன்சுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் காத்திருந்து இறந்தார்.' மேயர் அலுவலகக் கதவில் ஒன்று, அவன் வீட்டு கேட்டில் ஒன்று. பசை வாளியைப் பிடித்தவன் நான்தான். ஆசையாகவே பிடித்தேன்.

காலையில் மேயர் அலுவலகத்துக்கு வந்து பார்த்துவிட்டுக் காவலாளியைக் கூப்பிட்டான்.

"மெத்தோதி, இதைக் கிழிச்சுப் போடு."

"எம் பொண்ணு மாசமா இருக்கா சார். நீங்களே கிழிங்க."

மேயர் தாளின் ஓரத்தில் நகத்தை வைத்தான். எதிரே நாங்கள் பத்துப் பேர் சிகரெட் பிடித்துக்கொண்டு பார்த்தோம். நகத்தை எடுத்துவிட்டான்.

"ஏம்மா, என்ன அசிங்கம் இது? எடுத்துடுங்க, பேசித் தீத்துக்கலாம்," என்றான், எங்கள் நடுவில் நின்ற வெலிகாவிடம்.

"நூறு வருஷம் வாழச் சொல்லி நீதானேடா எழுதின? இங்கயே இருந்துட்டுப் போறாரு. உள்ள போறப்பல்லாம் ஒரு வணக்கம் வெச்சுட்டுப் போ."

தேர்தலுக்கு முன் அந்தக் கதவைப் படமெடுக்க வெளியூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். ஏழே வாரத்தில் பாலம் எழுந்தது. திறப்பு விழாவுக்கு வெலிகா போகவில்லை.

அடுத்த வாரம் எதிர்வீட்டு ஸ்லாவி செர்ரி மரத்திலிருந்து விழுந்தான். நான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். வெலிகா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி தன் வாசலில் நின்றாள். வண்டி பாலத்தின் வழியாக வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

"உன் புண்ணியத்துல பொழச்சான், வெலிகா," என்றாள் ஸ்லாவியின் பெண்டாட்டி.

வெலிகா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுதது என் சமையலறை வரை கேட்டது.

மறுநாள் மேயருக்கு இருபத்தேழாவது கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் வசவே இல்லை.

'கலபோவ், பதினோரு நிமிஷம்தான்.'